குறுக்கெழுத்தில் ஒரு மீசை

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து போடுவது எர்மீனியாதான் என்பது அராவ்கா ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரியும். என் எவரிஸ்தோ என்னைக் கட்டுவதற்கு முன் அவளோடு சுற்றியவன் என்பதும் தெரியும். இருந்தும் வாராவாரம் வாங்கி நிரப்புகிறேன். அவள் போட்ட முடிச்சை நான் அவிழ்ப்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.

இந்த வாரம் முழுக்க மாட்டுத்தொழில். மந்தைக்கு முன்னால் பாடிக்கொண்டே குதிரையில் போகிறவன், பின்தங்கும் மாடுகளை ஓட்டி வருகிறவன், கன்றுகளைப் பார்த்துக்கொள்கிறவன் எல்லாம் காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. கடைசிக் குறிப்பில் பென்சில் நின்றுவிட்டது. 'விடியலில் பசுவைப் பேர் சொல்லிப் பாடி அழைத்துக் கறப்பவன். பாட்டுக்கு நடுவே இடது மீசை நுனியைக் கடிப்பவன். ஐந்து எழுத்து.' பால்காரன் என்ற விடை இங்கே குழந்தைக்கும் தெரியும். மீசையைக் கடிப்பது எந்தத் தொழிலில் சேர்த்தி? எவரிஸ்தோவும் பாடிக் கறப்பவன்தான். அவனுக்கு மீசை கிடையாது. முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே மழுமழுவென்றுதான் இருந்தான். ஆனால் பாடும்போது உதட்டின் இடது ஓரத்தை உள்ளே இழுத்துக் கடிப்பான். அது எனக்கு மட்டுமே தெரிந்த பழக்கம் என்று இத்தனை வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து கட்டத்தை மட்டும் நிரப்பாமல் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

மறுநாள் விடியலில் அவன் தொழுவத்தில் நின்றான். நான் வழக்கம்போல் கன்றுப் பட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய்யா, உனக்கு மீசை இருந்துச்சா?"

கயிற்றை உதறிக்கொண்டிருந்தவன் கை நின்றது. "பத்திரிகை பாத்தியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இருந்துச்சு."

"எப்ப எடுத்த?"

"மொதமொதல்ல உங்க வீட்டுக்கு வந்தேன்ல, அன்னைக்குக் காலையில."

"அந்த மூஞ்சிய நான் ஒருநாள்கூடப் பாத்ததில்லையேய்யா!"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு, தோமித்திலா? பூனை மீசை."

"அந்தப் பூனை மீசையத்தான் அவ இன்னும் மறக்கலையே."

அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். எனக்காக மழித்தானா, அவளை மறக்க மழித்தானா?

"லூசேரோ..." என்று இழுத்துப் பாடினான். மந்தைக்குள்ளிருந்து வெள்ளைப் பசு மட்டும் தனியே பிரிந்து அவனிடம் நடந்து வந்தது. நான் கன்றை விட வேண்டிய நேரம். அவன் உதட்டின் இடது ஓரம் உள்ளே போனது. பல் எதையோ தேடிக் கடித்தது. தாயின் பெயர் கேட்ட கன்று கதவை முட்டிக்கொண்டே இருந்தது. என் கை தாழ்ப்பாளை விடவில்லை.