பீடத்துக்கு அடியில் டீசல்

குருசடியின் கம்பிக் கதவைத் திறந்ததும் அமலோற்பவம் மூக்கைச் சுளித்தாள். மெழுகு வாடையும் மல்லிகை வாடையும் அடிக்க வேண்டிய இடத்தில் லாரி நிற்கிற இடத்து வாடை அடித்தது.

அன்று ஜெபமாலை மாதத்தின் கடைசி நாள். தருவைகுளத்துக்கு வெளியே அவளும் அவள் புருஷன் பாஸ்கலும் நடத்துகிற இறால் பண்ணையின் வாசலில், பண்ணை தோண்டிய வருஷம் நேர்ந்துகொண்டு கட்டிய குருசடி அது. உள்ளே ஒரு சிமெண்டுப் பீடம், அதன்மேல் மாதா சுரூபம், முன்னால் மெழுகுதிரி ஏற்ற ஒரு தகரத் தட்டு, அவ்வளவுதான். மாதம் முழுக்க அந்தியில் பண்ணை வேலைக்காரர்களும் பக்கத்துத் தெருப் பெண்களும் பிள்ளைகளோடு வந்து ஜெபமாலை சொல்வார்கள். கடைசி நாளென்றால் கூட்டம் இரண்டு மடங்கு. ஆளுக்கொரு மெழுகுதிரியோடு வருவார்கள்.

அதற்காகப் பழைய பீடத்துணியை எடுத்துவிட்டுப் புதுசை விரிக்கத்தான் அவள் வந்தாள். தரைவரை தொங்கிய துணியை இழுத்தாள். கீழ் ஓரம் கனத்தது. தொட்டுப் பார்த்தால் விரலெல்லாம் பிசுபிசுப்பு. குனிந்து பீடத்துக்கு அடியில் பார்த்தாள். அங்கே அடுக்கி வைத்திருந்த டீசல் டிரம்களில் ஒன்றின் அடிப்பக்கம் கீறல் விட்டு, சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது.

மாதாவின் காலடிக்கு டீசல் எப்படி வந்தது என்று கேட்டால் அது பாஸ்கலின் மூளை. இறால் குளத்தில் தண்ணீரைக் கடைகிற சக்கரங்கள் கரண்டில் ஓடுகின்றன. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட்டாக வேண்டும். இல்லையென்றால் இறால் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். போன வருஷம் எவனோ ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்த டீசலைத் திருடிப் போனான். அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போனது. ஒரு குளம் முழுக்க இறால் அழிந்தது. குளத்தங்கரையில் உட்கார்ந்து அழுத பாஸ்கல், எழுந்ததும் செய்த முதல் காரியம் டிரம்களைத் தூக்கிவந்து பீடத்துக்கு அடியில் வைத்துத் துணியால் மறைத்ததுதான். மாதாவின் காலடியில் கைவைக்க இந்தக் கரையில் எவனுக்குத் துணிச்சல் வரும்? அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் களவு போகவில்லை. பாஸ்கல் அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டான். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். தட்டில் திரி எரிகிறதே, அடியில் டீசல் இருக்கிறதே என்று ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றுவரை அமலோற்பவத்துக்கே அது தோன்றவில்லை.

அவள் பழைய துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளக்கரைக்கு நடந்தாள். பாஸ்கல் அங்கே இரண்டு பேரோடு நின்றிருந்தான். ஒருவன் ஜெனரேட்டர் பார்க்கிற அய்யாக்குட்டி. இன்னொருவர் நயினார், மாப்பிள்ளையூரணிப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்து டீசல் எஞ்சினில் தண்ணீர் பாய்ச்சுகிறவர், பாஸ்கலுக்குப் பழக்கம்.

"ஏங்க, டிரம்மு கசியுது. இந்தத் துணியப் பாருங்க. எல்லாத்தையும் இப்பவே வெளிய எடுக்கணும்" என்றாள்.

பாஸ்கல் துணியை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அந்த வெள்ளை பிளாஸ்டிக் டிரம்மா? ஹார்பர் பக்கம் காயலான் கடையில எடுத்தது. ஆசிட் வந்த டிரம்மு, வெயில்ல கெடந்து மொறுமொறுத்துப் போச்சு போல. அறுவடை முடியட்டும், மாத்திருவோம்."

"அறுவடை வரைக்கும் என்னத்துக்கு? இன்னைக்கு அந்திக்கு அம்புட்டு சனமும் திரியோட வருமே!"

"ஏளா, டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியாமப் பேசுதியே. ஏலே அய்யாக்குட்டி, ஒரு செரட்டை எடு."

அய்யாக்குட்டி சிரட்டையில் கொஞ்சம் டீசல் ஊற்றிக்கொண்டு வந்தான். பாஸ்கல் தீக்குச்சியைக் கிழித்து அதற்குள் போட்டான். குச்சி 'சுஸ்' என்று அணைந்தது. இன்னொன்று போட்டான். அதுவும் அணைந்தது. வித்தை காட்டுகிறவனைப் போலக் கைகளை விரித்தான்.

"பாத்தியா? தண்ணி மாதிரி அணைக்குது. இதுக்குப் போயி..."

அய்யாக்குட்டி கெக்கலித்தான். நயினாரும் மீசைக்குள் சிரித்தார். "மாதா காவல்ல இருக்கு தங்கச்சி, ஒண்ணும் ஆவாது. நானே அண்ணாச்சியப் பாத்துத்தான் எங்க சுடலைமாடன் பீடத்துக்குப் பின்னால டிரம்ம வச்சிருக்கேன். ஒரு பய கிட்ட வர மாட்டான்" என்றார்.

அமலோற்பவத்துக்கு மூன்று ஆண்கள் சிரித்தது பெரிதாகப் படவில்லை. சிரட்டையில் குச்சி அணைந்ததை அவளும் கண்ணால் பார்த்தாள். ஆனால் கையில் இருந்த துணி அவளை விடவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் எரித்த வீட்டில் வளர்ந்தவள் அவள். எண்ணெய் சும்மா கிடந்தால் சோம்பேறி. திரியில் ஏறிவிட்டால் அதன் குணமே வேறு என்று அவளுக்குத் தெரியும். பீடத்துக்கு அடியில் ஒரு முழுத் துணி திரியாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் துணிக்கு முன்னால்தான் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள்.

"நீங்க எடுக்கலன்னா இன்னைக்கு அங்கன ஒரு திரி எரியாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"போளா, போயி வேலையப் பாரு" என்றான் பாஸ்கல். அவள் அதைத்தான் செய்தாள்.

வெயில் தாழ்ந்ததும் சனம் வரத் தொடங்கியது. தலையில் முக்காடு, கையில் ஜெபமாலை, மெழுகுதிரி. எல்லாரும் குருசடி வாசலில் வந்து திகைத்து நின்றார்கள். கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளி மணலும் மம்பட்டியுமாக அமலோற்பவம் வாசலை அடைத்து நின்றாள்.

"இன்னைக்கு இங்கன திரி ஏத்தக் கூடாது. யாரும் தீப்பெட்டிய எடுக்காதிய."

முதலில் விளையாட்டென்று நினைத்தார்கள். பிறகு முணுமுணுப்பு எழுந்தது. மாதம் பூராவும் சொல்லிவிட்டுக் கடைசி நாளில் மாதாவுக்குத் திரி இல்லையா? பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகுமா? ஒருத்தி கதவோரம் ஏற்றிவைத்த திரியை அமலோற்பவம் குனிந்து விரலால் நசுக்கி அணைத்தாள். கூட்டம் 'யேசுவே' என்று மூச்சை இழுத்தது.

உபதேசியார் முன்னால் வந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் குரலுக்கு ஊரே அடங்கும்.

"அமலோற்பவம், மாதாவுக்கு முன்னால எரியுத திரிய அணைக்கியே, பயமா இல்லையா?"

"இருக்கு ஐயா. அணைக்கலன்னா வார பயம் இதவிடப் பெருசா இருக்கு. பீடத்துக்குக் கீழ டீசல் ஒழுகிக்கிட்டு இருக்கு."

"இத்தன மாசமா மாதா காப்பாத்துனா. இன்னைக்குக் கைவிட்டுருவாளா? விசுவாசம் வேணும்மா."

"விசுவாசம் எனக்கும் இருக்கு. அதுக்காக மாதாவப் பரீட்சை பாக்க மாட்டேன். அவ கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கோவிச்சுக்கிடட்டும். பிள்ளையள உள்ள விட மாட்டேன்."

அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, பாஸ்கல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ஊர் முன்னால் பெண்டாட்டி எதிர்த்து நின்றால் எந்த ஆணுக்கு முகம் சிவக்காது? பின்னாலேயே அய்யாக்குட்டியும் நயினாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"சாவியக் குடு. மானத்த வாங்காத."

"தாரேன். அதுக்கு முன்னால நீங்க செரட்டையில செஞ்சத நான் இதுல செய்யணும்."

அவள் பழைய பீடத்துணியை விரித்தாள். லேஸ் வைத்து அவளே தைத்த துணி அது. நனைந்த ஓரத்திலிருந்து ஒரு கீற்றைச் சரக்கென்று கிழித்தாள். மம்பட்டியின் மேல் அதைப் போட்டு, குருசடியை விட்டுத் தள்ளி வெட்டவெளி மணலில் கொண்டுபோய் வைத்தாள். மீதித் துணியை எதிர்ப்பக்கம் தூரமாகப் போட்டாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள்.

"இப்ப உங்க தீக்குச்சியக் கிழிச்சு இது ஓரத்துல வைங்க. அணைஞ்சிருச்சுன்னா சாவி உங்ககிட்ட. இனிமே நான் இதப்பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பாஸ்கல் கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். குச்சியைக் கிழித்துத் துணியின் ஓரத்தில் பிடித்தான். ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. அவன் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அதற்குள் ஓரம் மஞ்சளாகப் பிடித்துக்கொண்டு, கீற்றின் நீளத்துக்கும் ஓடி, கரும்புகை கக்கிக்கொண்டு எழுந்தது. பாஸ்கல் பின்னால் எட்டு வைத்தான். ஒரு விரற்கடைத் துணிக்கு அவ்வளவு தீ.

"அது ஒரு துண்டு" என்றாள் அமலோற்பவம். "நேத்து முழுத்துணியும் அங்கன தொங்குச்சு. தட்டுல திரி எரிஞ்சுது. ஒரு திரி சரிஞ்சிருந்தா?"

பண்ணையில் தீவனம் போடுகிற பிரேமா கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து தன் சின்ன மகளை வாரி எடுத்தாள். "அக்கா, தெனமும் இவதானே முதல் திரி ஏத்துவா! சின்னப் பிள்ளை ஏத்தட்டும்னு எல்லாரும் இவளத்தானே முன்னால விடுவிய! சம்பளம் வாங்குத இடம்னு வாயடச்சுக் கெடந்தேன், மொதலாளி. மோந்து பாத்தும் கேக்கல. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள்.

பிரேமாவின் மகள் எங்கே உட்காருவாள், எங்கே குனிந்து திரி வைப்பாள் என்பது பாஸ்கலுக்கும் தெரியும். எத்தனையோ அந்திகளில் அந்தப் பிள்ளைக்கு அவனே தீப்பெட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறான். மணலை அள்ளி எரிகிற துணியில் போட்டான். போட்ட பிறகும் போட்டுக்கொண்டே இருந்தான்.

"சாவியக் குடுளா" என்றான் கடைசியில். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது. அவள் கொடுத்தாள்.

அவனும் அய்யாக்குட்டியும் டிரம்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கினார்கள். கசிந்ததில் மிச்சமிருந்த டீசலைக் கெட்டியான கேனுக்கு மாற்றினார்கள். இன்னொன்றின் வாயில் மூடியே இல்லை. பாலித்தீன் தாளைச் சுற்றி நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. அதைப் பார்த்து உபதேசியாரே தலையில் கை வைத்துக்கொண்டார். குருசடித் தரையில் மணல் கொட்டிக் கூட்டி அள்ளினார்கள். டிரம்களைக் கிழக்குக் கரையில், ஜெனரேட்டருக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில், உடைமர நிழலில் பலகை போட்டு வைத்தார்கள்.

"காலையிலயே ஆளக் கூப்பிட்டுக் கம்பிக்கூண்டு அடிச்சு மேல ஓடு போடச் சொல்லுதேன்" என்றான் பாஸ்கல். "காத்துப் போற மாதிரி, பெரிய பூட்டாப் போட்டு. சுத்தி வரப்பு கட்டிட்டா ஒழுகுனாலும் ஓடாது. டீசலுக்குன்னே விக்கித கனத்த டிரம்மு, மரை மூடி உள்ளது, அதத்தான் இனிமே வாங்கணும். வாய் முட்ட ஊத்தவும் கூடாது, வெயில்ல டீசல் விரியும். அதுவரைக்கும் நான் கட்டிலப் போட்டு இங்கன கெடக்கேன்." பிறகு தலை நிமிராமல் சொன்னான்: "நஷ்டத்துக்குப் பயந்து கண்ண மூடிக்கிட்டேன், அமலி. பிள்ளையளக் கொண்டுபோயி அது பக்கத்துல உக்கார வச்சிருக்கேன்."

அன்று ஜெபமாலையை வெட்டவெளியில், மாதாவைப் பார்த்தபடி, ஒரு திரிகூட ஏற்றாமல் சொன்னார்கள். மந்திரம் முடிந்து சனம் கலையும்போது நயினார் அமலோற்பவத்திடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, எனக்கும் திக்குன்னுதான் இருக்கு. எங்க மாடன் முன்னாலயும் சூடம் எரியும். ஆனா டிரம்ம அங்கன இருந்து எடுத்தா மறுநாளே களவு போயிருமே. சாமிக்குப் பயந்துதானே பயலுவ சும்மா இருக்கானுவ?"

கலைந்த கூட்டம் நின்றது. பாஸ்கலும் நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, திருடன்தான் சாமிக்குப் பயப்படுவான். தீ பயப்படாது. அதுக்கு மாதாவும் தெரியாது, மாடனும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. அதுக்குப் பயப்பட வேண்டியது நாமதான். சாமியக் காவலுக்கு நிறுத்திட்டு, நம்ம செய்ய வேண்டியதச் செய்யாம இருந்தா அதுக்குப் பேரு விசுவாசம் இல்ல, சோம்பேறித்தனம். மொதல்ல போயி டிரம்ம எடுங்க."

நயினார் பைக்கை முறுக்கிக்கொண்டு மாப்பிள்ளையூரணிக்கு விட்டார்.