சலாது சூடாறும் வரை

சினியோரா ஒதிலியா 1992 ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி மதியச் சாப்பாட்டின் நடுவில் உப்பு எடுக்க எழுந்தவர், அதற்குப் பிறகு மூன்று ஆண்டும் எட்டு மாதமும் உட்காரவில்லை. நிற்கவும் இல்லை. சிசிலியில், பலேர்மோ நகரின் லிபெர்த்தா பகுதியில், நான்காம் மாடியில், ஒன்பது அறை வீட்டில் அவர் நடந்துகொண்டே இருந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு. நடந்தபடி சாப்பிட்டார், நடந்தபடி தலை வாரிவிடச் சொன்னார், இடது தோளைச் சுவரில் உரசவிட்டு நடந்தபடியே தூங்கினார். அந்த உயரத்தில் சுவர் முழுக்க ஒரு பட்டை பளபளவென்று தேய்ந்திருந்தது. மூன்று வைத்தியர்கள் வந்து அவருடன் நடந்தே நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டார்கள். மூன்றாமவருக்கு மூச்சு வாங்கிவிட்டது, சினியோராவுக்கு ஒன்றுமில்லை. கீழ்வீட்டார் முதல் மாதம் முறைப்பாடு எழுதினார்கள், ஆறாம் மாதம் அந்தக் காலடி கேட்காவிட்டால் தூக்கம் வராது என்றார்கள். பதினொரு நாளுக்கு ஒரு சோடி சப்பாத்து தேய்ந்தது. குளியலறையில் எப்படிச் சமாளித்தார் என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இங்கே பதில் இல்லை. வங்கி அதிகாரியான கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது, ஒரே மகன் மிலானோவில் இருந்தான், பன்னிரண்டு கதிரை போட்ட மேசையில் அவர் தனியாகச் சாப்பிட்டு வந்தார் என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம்.

ஞானம்பிகை அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது வேலையாள். முதல் இருவரும் ஒரு மாதம் தாங்கவில்லை. அவளோ 1994இல் வந்து சேர்ந்த நாளிலிருந்து சினியோராவுக்கு இரண்டடி பின்னால் நடந்தாள், நடந்துகொண்டே பழம் நறுக்கினாள், மருந்து கொடுத்தாள், மகளின் கடிதங்களைப் படித்தாள். ஊர் நயினாதீவு. புருசன் 1987இல் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பதினொரு வயது மகள் சிவானுஜாவை யாழ்ப்பாணத்தில் தங்கை குகனேஸ்வரியிடம் விட்டுவிட்டு 1990இல் இத்தாலிக்கு வந்தவள், இரண்டு வருசத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே ஓர் இரவில் எழுந்து நடந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று நாள் மகளைப் பற்றித் தகவல் இல்லை. அந்த நாட்களில் வீட்டுக்குள் யார் முன்னால் நடந்தது, யார் பின்னால் நடந்தது என்று கீழ்வீட்டாரால் பிரித்தறிய முடியவில்லை. பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருந்த அம்மன் படத்தின் முன் அவள் நேர்த்தி வைத்தாள்: பிள்ளை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்வரை மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் வாயில் படாது. இருபத்துநான்காம் நாள் பிள்ளை கிளிநொச்சியில் உயிரோடு இருப்பதாக ஆள்மூலம் சேதி வந்தது. நேர்த்தி அப்படியே இருந்தது.

சினியோரா சிசிலிக்காரி அல்லர். வடக்கு எல்லையில், ஃபிரியூலி மலைப்பக்கத்தில் பிறந்தவர். அங்கே வசந்தத்தின் முதல் சலாது இலையைக் கொதிக்கும் பன்றிக் கொழுப்பும் வினாகிரியும் ஊற்றி வாட்டித் தின்பார்கள் என்று நடக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பலேர்மோக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்; பச்சை இலையில் கொதிநெய் ஊற்றுவது அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். ஞானம்பிகை சிரிக்கவில்லை. தாளித்துக் கொட்டுவது என்றால் அவளுக்குத் தெரியும். 1996 ஏப்ரலில் ஒருநாள் அவள் போர்கோ வெக்கியோ சந்தையில் சலாதும், பன்செத்தா என்கிற உப்பிட்ட பன்றி வயிற்றிறைச்சியில் ஒரு துண்டும் வாங்கி வந்தாள். இலையைக் கழுவித் துணியில் சுற்றி ஈரம் போக உதறினாள். இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் குளிர்ந்த தாச்சியில் போட்டு, நெருப்பைக் குறைத்து, கொழுப்பு தானாக இறங்கட்டும் என்று விட்டாள். துண்டுகள் முறுகியதும் அள்ளி வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பில் வெங்காயம், ஒரு சிட்டிகை சீனி, கடைசியில் வினாகிரி. தாச்சி சீறியது. வாயில் வைத்துப் பார்க்க வழியில்லை. சத்தத்தையும் மணத்தையும் வைத்தே பதம் கண்டு இலைமேல் ஊற்றிப் புரட்டினாள். ஓரம் விழுந்து நடுநரம்பு விறைப்பாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஊற்றுவதற்கு முன் தனக்கென்று ஒரு பிடி இலையை எடுத்து, வேறு கோப்பையில் ஒலிவ் எண்ணெயில் கடுகு தாளித்து ஊற்றிக்கொண்டாள். கால் உளைந்தது. குசினி முக்காலியில் உட்கார்ந்து தன் கோப்பையைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் சுற்று முடிந்து குசினிக்குள் வந்த சினியோரா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் மூன்று நிமிடம் இருந்தார். இலையில் சூடு ஆறியதும் எழுந்து நடந்தார். மறுநாளும் அதே மூன்று நிமிடம். சேதி படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவுக்குப் போனது. பன்செத்தாவின் மகிமை என்றார்கள், வினாகிரி நரம்பைப் பிடிக்கிறது என்றார்கள். முதலாம் மாடியில் வேலை செய்த மன்னார்ப் பெண் யோசப்பின், இது பெல்லெக்ரினோ மலைக் கோயிலில் தான் ஏற்றிய மெழுகுதிரியின் பலன் என்றாள். அந்த மலைக்குச் சினியோராவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போயிருந்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை ஏறி முடிப்பதற்குள் அவர் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டார். எது எப்படியோ, சலாதுதான் காரணம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஞானம்பிகைக்கும் இருக்கவில்லை.

இதற்குள் சிவானுஜா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்கு வந்து சேர்ந்திருந்தாள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைத்தான் தாய் கூப்பிடலாம். 1997 மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை, அவளுக்குப் பதினெட்டு. இடம்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பதில் எடுத்த பிரதி, மார்ச் பத்தாம் திகதிதான் பலேர்மோவுக்கு வந்தது. மீதி ஒரே ஒரு கையெழுத்து. இந்தப் பெண்ணுக்கு நான் வேலை கொடுக்கிறேன், இவள் பிள்ளைக்கு என் வீட்டில் இடம் உண்டு என்று சினியோரா அதிகாரி முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மகிழ்ச்சியாக எழுதித் தருவேன் என்று சினியோரா நடந்தபடி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போனார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம், பெயர் வேண்டாம். சினியோரா நடந்துகொண்டே பேனாவை வாங்கினார். முதல் எழுத்து தாளில் விழுந்தது, நடு எழுத்துகள் மேசையில், கடைசி எழுத்து பக்கத்து மேசைக்காரரின் சட்டைக் கையில் முடிந்தது. அதிகாரி மரியாதையானவர்தான். உட்கார்ந்து போடாத கையெழுத்தை ஏற்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். அப்படியானால் வீட்டுக்கு வாருங்கள், அங்கே மூன்று நிமிடம் இருப்பார் என்றாள் ஞானம்பிகை. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குத்தான் நாங்கள் வருவோம், இவர் நன்றாக நடக்கிறாரே என்றார் அவர். புதன்கிழமை அந்த மேசை பூட்டு.

வியாழக்கிழமை அவர்களோடு அடுப்பும் போனது. யோசப்பின் சின்னக் காஸ் அடுப்பைப் பையில் போட்டுத் தூக்கினாள், ஞானம்பிகை தாச்சி, இறைச்சி, வினாகிரிப் போத்தல், துணியில் சுற்றிய சலாது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். சினியோரா முன்னால் நடந்தார். வாசல் காவலாளி பையில் என்ன என்று கேட்டான். சாப்பாடு என்றார்கள், பொய்யில்லை. வரிசை நகரவே இல்லை. முறை வந்தபோது பன்னிரண்டு மணி. பன்னிரண்டரைக்கு அடைப்பார்கள். ஞானம்பிகை அறை மூலையில் அடுப்பை மூட்டினாள். நெருப்பை மெதுவாக வைக்க நேரமில்லை, இறைச்சி ஒரு பக்கம் கருகியது, இருந்தாலும் தாச்சி சரியாகத்தான் சீறியது. இருந்த இலை அத்தனையையும் கோப்பையில் போட்டு மொத்தமாக ஊற்றினாள். மணம் தாழ்வாரம் முழுக்கப் போய், வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி தாளையும் பேனாவையும் மேசை நடுவில் எடுத்து வைத்தார். சினியோரா ஒரு வாய் எடுத்தார். நன்றாக இருக்கிறது என்றார். நடந்தார்.

இன்னொரு வாய் எடுத்தார், நடந்தார். மேசையைச் சுற்றினார், சன்னல்வரை போய்த் திரும்பினார். மணிக்கூடு பன்னிரண்டு இருபது. மூன்றாம் சுற்றில் ஞானம்பிகையின் வெறுங்கையைப் பார்த்து, நடையைக் குறைக்காமல் கேட்டார்:

“உன் கோப்பை எங்கே?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு வருசமாக அந்த மனுசி பன்செத்தாவுக்காக இருக்கவில்லை, வினாகிரிக்காக இருக்கவில்லை. தன் முன்னால் இன்னொருத்தி உட்கார்ந்து சாப்பிட்டதால் உட்கார்ந்தார்.

“அக்கா, உங்களுக்கு எண்டு கொஞ்சம் இலை எடுத்து வைக்கேல்லையோ?” என்றாள் யோசப்பின்.

“அவசரத்திலை மறந்து போனன். எல்லாத்திலையும் ஊத்திட்டன்.”

“அப்ப இதிலை தின்னுங்கோ.”

“நேர்த்தி, யோசப்பின். பிள்ளைக்காண்டி வைச்ச நேர்த்தி.”

“நேர்த்தி பெரிசோ பிள்ளை பெரிசோ எண்டு நான் கேக்கேல்லை. மணியைப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

பிள்ளை வருவதற்காக வைத்த நேர்த்தியைப் பிள்ளை வருவதற்காகவே உடைக்க வேண்டியிருந்தது. உடைத்தால் அம்மன் பிள்ளையை என்ன செய்வாளோ என்ற பயம்; உடைக்காவிட்டால் நாளை பிள்ளைக்குப் பதினெட்டு, எல்லாம் முடிந்தது. அவள் அதிகாரியிடம் இரண்டாவது கதிரை கேட்டாள். அவர் தன்னுடையதையே எழுந்து கொடுத்தார். “அம்மாளாச்சி, உனக்குக் குடுத்த வாக்கை உடைக்கிறன்,” என்று வாய்க்குள் சொன்னாள். “எடுக்கிறதை என்னட்டை எடு. பிள்ளையிலை மட்டும் கை வைச்சிடாதை.” வாடிய இலை ஒன்றை இறைச்சித் துண்டோடு எடுத்து வாயில் வைத்தாள். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட மச்சம். ருசியாக இருந்தது. அதுதான் அவளை அழ வைத்தது.

சினியோரா உட்கார்ந்தார். ஐந்து சொல் நீளமான தன் முழுப்பெயரையும் கோடு போட்டதுபோல் நேராக எழுதினார். பன்னிரண்டு இருபத்தேழுக்கு முத்திரை விழுந்தது. அதிகாரி நின்றபடி ஓர் இலையைக் கிள்ளித் தின்று, கருகாமல் இருந்திருந்தால் இன்னும் நல்லது என்று அபிப்பிராயம் சொன்னார். இலை ஆறியது. சினியோரா எழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையின் சாய்மானத்தை முதுகால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, அப்படியே இருந்தார். ஞானம்பிகைதான் கோப்பையைக் கழுவ எழுந்தாள்.

அவள் அதன் பிறகு நிற்கவில்லை. தாழ்வாரக் குழாயடியில் நடந்தபடியே கோப்பையைக் கழுவினாள். சினியோராவை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவள் காருக்குப் பக்கத்தில் நடந்து போனாள். அந்த நேரத்து நெரிசலில் அவள்தான் முதலில் வீடு சேர்ந்தாள். கால் என்ன சொல்கிறது என்று யோசப்பின் கேட்டாள். “அம்மாளாச்சி காலைத்தான் கேட்டவ. பிள்ளையைக் கேக்கேல்லை. நல்லது,” என்றாள். அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள், ஆனால் இரவில் தோளைச் சுவரில் வைத்துத் தூங்கும்போது, ஒருவேளை காலோடு நிற்காதோ, இன்னும் கேட்பாளோ என்ற பயம் அவளோடு கூடவே நடந்தது. சினியோராவின் பட்டைக்கு ஒரு சாண் கீழே புதிய பட்டை ஒன்று தேயத் தொடங்கியது. வீட்டு வேலை ஒன்றும் கெடவில்லை. கீழ்வீட்டாருக்குத் தூக்கமும் கெடவில்லை. சினியோரா பன்னிரண்டு கதிரையிலும் மாறி மாறி இருந்து பார்த்து, சன்னலோரக் கதிரையே நல்லது என்று முடிவு செய்தார்.

ஒக்டோபர் பதினோராம் திகதி சிவானுஜா பூந்தா ரைசி விமான நிலையத்தில் இறங்கினாள். ஞானம்பிகை முதல்நாள் பின்னேரமே வீட்டை விட்டு வெளிக்கிட்டுக் கடலோரப் பாதையில் நடந்து வந்திருந்தாள். பதினொரு வயதில் விட்ட பிள்ளை தாயைவிட ஒரு தலை உயரமாக வெளியே வந்து, வந்தவர்களைத் தேடும் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தது.

“அம்மா, நில்லுங்கோ.”

“நிக்கேலாது பிள்ளை. பெட்டியைத் தா, நடந்து நடந்து கதைப்பம்.”

சிவானுஜா ஏன் என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிவரை நடந்த பிள்ளைக்கு நடை புதினமில்லை. பெட்டியைக் கொடுக்காமல் தானே இழுத்துக்கொண்டு தாயின் அடிக்கு அடி வைத்தாள். கதைப்போம் என்று தாய் சொன்னாளே தவிர, நகரத்துக்குள் வரும்வரை இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. ஏழு வருசத்தை எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நடக்கும்போது முகம் பார்க்கவும் முடியாது.

சினியோரா கதிரையில் இருந்தபடி சொல்லச் சொல்ல, மறுநாள் சிவானுஜா அடுப்படியில் நின்றாள். இலையின் ஈரத்தைத் துணியில் உதறினாள், நெருப்பைக் குறைத்தாள், தாச்சி சீறும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். மேசையில் மூன்று கோப்பை வைத்துத் தானும் உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். ஞானம்பிகை சுற்று முடிந்து வந்து, மகளுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருந்தது. இனிச் சாப்பிடலாம். முதல் நிமிடம் அவள் சாப்பிடவில்லை, முகத்தைப் பார்த்தாள். நெற்றியோரத்தில் தனக்குத் தெரியாத ஒரு தழும்பு இருந்தது.

“அந்த இருபத்துமூண்டு நாளும் எங்கையடி இருந்தனீ?”

“முதல் நாள் இரவு பாலத்திலை அம்மா. சித்தி என்ரை கையை விடேல்லை. மழை…” என்று சிவானுஜா தொடங்கினாள். சாவகச்சேரிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இலை ஆறிவிட்டது. ஞானம்பிகை எழுந்து நடந்தாள். சிவானுஜா அடுப்பை மறுபடி மூட்டினாள். சினியோரா தன் கோப்பையையும் நீட்டினார்.

அந்த நாளிலிருந்து போர்கோ வெக்கியோ சந்தைக் கீரைக்காரன் லிபெர்த்தா வீட்டுக்கென்று ஆறு சலாதைக் கேட்காமலே எடுத்து வைக்கிறான். முதல் கிழமை முடியும்போது தாயும் மகளும் அந்த இருபத்துமூன்று நாளில் நான்காம் நாள் காலைவரை வந்திருந்தார்கள்.