வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

1

இந்தக் கதை, வாய் தவறி நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. புயலில் என் வீட்டுக் கூரையின் முன்பக்கத் தகடுகள் பறந்துவிட்டன. காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. கூரை போடும் காண்டிராக்டரை மட்டும் நான் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுவும் மழைக்காலத்துக்கு முன்.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒப்பந்தத்தை நீட்டினார்.

"இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

அவரைத் தட்டிக்கழிக்க, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

வீட்டில் யாரும் இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

2

(முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "புயல் ஓய்ந்த காலையில் வானம் கழுவிவிட்டதுபோல்..." எத்தனை பேர்தான் அந்த வானத்தைக் கழுவுவது? அடித்துவிட்டேன்.)

3

சாக்குக்காக வந்த மனைவி அத்தோடு போயிருக்க வேண்டும். டைக்காரர் விடவில்லை. "மேடம் என்ன சொன்னாங்க?" என்று ஃபோன் செய்தார்.

"நீலத் தகடு வேணாம்னு சொல்லிட்டா."

கொஞ்சம் இடம் கொடுத்ததும் அவளுக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் வந்துவிட்டது.

அடுத்தவர் சொந்த ஏணியோடு வந்தார். மேலே ஏறி, டார்ச் அடித்து, நெடுநேரம் கழித்து இறங்கினார்.

"பின்பக்கம் நல்லா இருக்கு சார், அதைப் பிரிக்காதீங்க. ஆனா உங்க படுக்கைக்கு மேல ஒரு மரச் சட்டம் ஊறிப்போச்சு. அது இந்த மழையைத் தாங்காது."

இவர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஆனாலும், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

இவரிடம் எதற்கு? சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று, "இவரையே வெச்சுக்கலாமா?" என்று வாய்விட்டே கேட்டேன். குளிர்சாதனப் பெட்டி உறுமியது. கூரை போனபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை.

4

(அவள்மேல் எனக்குச் சந்தேகம். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறாள். சண்டை போடாத மனைவியை எந்த வாசகர் நம்புவார்? ஒரு சண்டை எழுதிப் பார்த்தேன். அவள் சொன்னதெல்லாம் நியாயமாக இருந்தது. தாளைக் கிழித்துவிட்டேன்.)

5

உடனே வேலையைத் தொடங்கச் சொல்லி ஏணிக்காரரைக் கூப்பிட்டேன்.

"மேடம் சரின்னுட்டாங்களா?"

"ம்."

"அவங்களே ஒரு வார்த்தை சொல்லட்டும் சார். தப்பா நினைக்காதீங்க. ஒரு வீட்ல ஐயா சரின்னாரு, தகடு ஏத்திட்டேன். வெளியூர் போயிருந்த அம்மா வந்து, யாரைக் கேட்டுப் போட்டேன்னு மொத்தத்தையும் இறக்க வெச்சாங்க. அதுலேர்ந்து ரெண்டு பேரும் சொல்லாம ஆணி அடிக்கிறதில்லை. சாயங்காலம் ஃபோன் பண்றேன். இல்லேன்னா வேற வீட்டு வேலையை எடுத்துடுவேன், மழை முடிஞ்சுதான் இங்க வர முடியும்."

சாயங்காலம் வரை உட்கார்ந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது. அவர் கோபப்பட மாட்டார். பாவம் என்று பார்ப்பார். சட்டம் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை, அந்தப் பார்வை எனக்கு வேண்டாம்.

அவளை அம்மா வீட்டுக்கு அனுப்புவது. நம்பர் கேட்பாரே.

அவளைக் கொன்றுவிடுவது. "போன வாரம் திடீரென்று அவளுக்கு..." இதற்கு மேல் கை ஓடவில்லை. எனக்கு இருப்பதே அவள் ஒருத்திதான்.

6

ஃபோன் அடிக்கிறது. எடுத்துவிட்டேன்.

"மேடம்கிட்ட குடுங்க சார், ஒரு நிமிஷம்."

"இதோ குடுக்கறேன்."

மறுபடியும் இந்த வாய்.

இந்த வீட்டில் என்னைத் தவிர இருப்பது இதைப் படிக்கும் நீங்கள் மட்டும்தான். ஊறிய சட்டம் உங்களுக்குத் தெரியும். நீலம் வேண்டாம் என்பதும் தெரியும். மனைவி இருந்திருந்தால் அவளிடம் என்னென்ன சொல்லியிருப்பேனோ, எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆண் குரலாக இருந்தாலும் பரவாயில்லை, அவள் அண்ணன் என்று சமாளித்துக்கொள்ளலாம். ஆரம்பிக்கச் சொல்வதோ, அப்படி யாருமே இல்லை என்று போட்டு உடைப்பதோ உங்கள் இஷ்டம்.

"ஹலோ, ஹலோ" என்கிறார். கை வலிக்கிறது. பிடியுங்கள்.