ஹில்மா வாசலில் வைத்த கிடா

டிசம்பர் வந்தால் சுவீடனில் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. என் மனைவி குன்வோர் இந்த முறை கைவினைக்காரி ஸ்வேயாவின் வகுப்பில் சேர்ந்தாள். வைக்கோலை ஊறவைத்து, மடக்கி, சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டி, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கும் ஆட்டுக்கிடா பொம்மை ஒன்று செய்து முடித்தாள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கொம்புகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

"இதை அக்காவுக்குக் குடுக்கப் போறேன்" என்றாள்.

அக்கா ஹில்மா அடுத்த தெருவில் இருக்கிறாள். அம்மாவை அடக்கம் செய்த அன்று, குன்வோர் சுட்ட கேக்கைக் கடித்துவிட்டு, "வறண்டு கிடக்கு" என்று சொன்னவள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. குன்வோர் கேக் சுடுவதையும் நிறுத்திவிட்டாள். நஷ்டம் எனக்கு.

"குடுக்கறதுன்னா கதவைத் தட்டிக் குடு. சும்மா வாசல்ல வச்சுட்டு வராதே."

"தட்டினா பேசணுமே. நீங்க சும்மா இருங்க."

வைத்துவிட்டு வந்தாள்.

எங்கள் ஊரில் சொல்லாமல் வாசலில் கிடா வைத்தால் அது கேலி. கிடைத்தவர் அதை யாருக்கும் தெரியாமல் இன்னொரு வீட்டு வாசலில் தள்ளிவிட வேண்டும். யார் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. ஹில்மா வழக்கம் தவறாதவள். மறுநாள் காலையில் கிடா தபால்காரர் வீட்டுப் படியில் நின்றது.

குன்வோர் அதைத் தெருவிலிருந்து பார்த்துவிட்டாள். "நான் செஞ்சதுன்னு தெரிஞ்சே என்னையே தூக்கி வெளிய போட்டுட்டா" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் ஹில்மா கதவை இடித்தேன்.

"தங்கச்சி ஆசையா செஞ்சதைத் தெருவுல தள்ளிட்டீங்களே, உங்களுக்கு மனசே இல்லையா?"

"அவ செஞ்சதா?" ஹில்மாவின் முகம் வெளுத்தது. "எவனோ கிண்டல் பண்றான்னுல்ல நினைச்சேன். அந்தக் கோணலைப் பாத்தா யாருக்குத்தான் தோணாது?"

யாரிடமும் ஒரு சிட்டிகை உப்புகூடக் கேட்டு அறியாதவள் அவள். அன்றைக்குப் பனியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "என் கிடா இங்க வந்துச்சா?" என்று கேட்டாள். தபால்காரர் கண்ணைச் சிமிட்டாமல், "எந்தக் கிடா?" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வழக்கம் வழக்கம்தான்.

இருட்டிய பிறகு எங்கள் கதவு தட்டப்பட்டது.

"கிடைக்கலைடி" என்றாள் ஹில்மா. தொப்பியெல்லாம் பனி.

"எல்லார் வீட்லயும் கேட்டியா?"

"கேட்டேன்."

"பாதிரியார் வீட்லயும்?"

"அவர் பொய் சொல்றார். ஜன்னல்ல கொம்பு தெரியுது."

குன்வோர் சிரிக்கவில்லை. "அதுக்காகவா இந்தப் பனியில அலைஞ்சே?"

"பின்ன? நீ செஞ்சதில்லையா?"

குன்வோர் கதவை அகலத் திறந்தாள்.

"பூட்ஸைக் கழட்டுக்கா" என்றாள்.