மத்தியஸ்தர் மேல் வழக்கு

கார்த்திகேசுவுக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் கோர்ட்டு ஆள்தான் வந்துவிட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பால்காரி பவுனம்மாள் ஆபீஸ் வாசலிலேயே நின்று, "உங்க மேலயே கேஸ் போடுறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி; கேஸ் வந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும்.

வம்பை விலைக்கு வாங்குவது என்பார்களே, அதைத்தான் மனிதர் வாங்கியிருந்தார். பவுனம்மாளின் மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் பாதையை வேலி போட்டு அடைக்கப் பார்த்தார் நிலத்துக்காரர் சபாபதி. அதில் மாடே போவதில்லை என்று சாதித்தார். வழக்கு ஊர்த் தமிழர் சங்கத்துக்குப் போக, சங்கம் கார்த்திகேசுவை மத்தியஸ்தராகப் போட்டது. அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறோம் என்று இருவரும் கைநாட்டு வைத்தார்கள். அவரும் போய்ப் பார்த்து, மாடு நடமாட்டம் இல்லை, வேலி போடலாம் என்று தீர்ப்புச் சொல்லி, மாலையும் வாங்கிக்கொண்டு வந்தார். மாலை என்றால் யாருக்குத்தான் கழுத்து நீளாது!

இப்போது பயந்துபோய்ச் சங்கச் செயலாளர் தம்புசாமியிடம் ஓடினார்.

"நாங்க உங்க பேரைச் சொன்னதோட சரி. எங்களை இழுக்காதீங்க" என்று அவர் கழன்றுகொண்டார்.

கடைசியில் கிள்ளானில் ஒரு வக்கீலைப் பிடித்தார்.

"யார்கிட்டயாவது கை நீட்டினீங்களா?" என்றார் வக்கீல்.

"ஐயோ, ஒரு வெத்தலைகூட வாங்கலைங்க. ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு." கார்த்திகேசு நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "திங்கட்கிழமை காலையில மாடு போற நேரத்துக்கு வந்து பாருங்கன்னு அந்தம்மா சொல்லுச்சு. அப்ப ராகுகாலம். நல்ல காரியமாச்சேன்னு அது கழிஞ்சு போனேன். மாடெல்லாம் முன்னமே மேயப் போயிருச்சு, மழையில தடமும் கரைஞ்சுபோச்சு. எனக்கு அப்புறம்தான் உறைச்சுது."

வக்கீல் சிரித்தார். "வேணும்னு பண்ணலையே? அப்ப உங்க மேல கேஸ் நிக்காது. உங்களைப் போட்ட சங்கத்து மேலயும் நிக்காது. இல்லாட்டி பயத்துல ஒருத்தனும் தீர்ப்புச் சொல்ல வரமாட்டான்."

"அந்தத் தீர்ப்பு?"

"அதைத் தள்ளச் சொல்லிக் கோர்ட்டுல கேக்குற கெடுவும் தாண்டிப்போச்சு, இனி அது மாறாது. நிம்மதியாப் போங்க."

போன உயிர் திரும்பி வந்தது. ரயிலில் வடை வாங்கித் தின்றார், ருசி தெரிந்தது. வீட்டு வாசலில் பவுனம்மாள் நின்றிருந்தாள். பார்த்ததும் பழைய பயம் திரும்பியது. அவளோ சண்டைக்கு வரவில்லை.

"கேஸ் போட முடியாதாம் ஐயா. உங்க மேலயும் முடியாதாம், சங்கத்து மேலயும் முடியாதாம். வேலி போட்டாச்சு. மாட்டை விக்கத்தான் போறேன்."

கார்த்திகேசு சட்டைப் பையில் வீட்டுச் சாவியைத் தேடினார்.

"நீங்க நேரத்துக்கு வரலைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனிமே நான் யாரைப் போய்க் கேக்குறது?"

இனி யாராலும் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். அப்படியும் அவளைத் தாண்டி உள்ளே போக அவரால் முடியவில்லை. அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.