ஒரு ஜோடி கிளாம்ப்

திருகாணியைக் கடைசிவரை முறுக்கிப் பார்த்துவிட்டு, "தாடை ஆடுதே" என்று கிளாம்பைக் கடைக்காரரிடமே திருப்பி நீட்டினாள் அவள்.

"ரெண்டு மூணு மாசம் தாங்கும்மா. காலத்துக்கும் உழைக்கணும்னா அந்த வார்ப்பிரும்புதான்."

ரெண்டு மூணு மாசம்! டாக்டர் அவள் கணவருக்கு அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றதோடு சரி. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கையோடு பின்பக்க ஷெட்டில் ரம்பமும் உளியுமாகக் குடியேறிவிட்ட மனிதர், இப்போது படுக்கையில் கிடந்துகொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் பலகைகளை ஒட்டி இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். ஆடுகிற சாமானைக் கொண்டுபோய் நீட்டினால் போதும், பெண்டாட்டி தன்னைக் கைகழுவிவிட்டாள் என்று நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பயம்தான் அவளுக்கு. வார்ப்பிரும்பையே வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

படுத்தபடியே அவர் அதை நெஞ்சின்மேல் வைத்துத் திருகிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதாதா?"

"இத்தனை வருஷம் என்கூடக் குப்பை கொட்டி என்ன பிரயோஜனம்! ஒத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கினா பலகை வளைஞ்சுக்கும்டி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு போடணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒண்ணே போதும்னு யாரு சொன்னது, டாக்டரா?"

அவளுக்குத் திக்கென்றது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன தெரியும், நான் என்ன ஆசாரியா?" என்று எரிந்துவிழுந்தாள். அழுகையை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். "இன்னொண்ணுதானே, இப்பவே போறேன். அதுக்குள்ள ஊரைக் கூட்டாதீங்க."

திரும்பி வந்தபோது வாசலெல்லாம் செருப்புகள். கொழுந்தன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"நான் வந்தப்போ நல்லாத்தான் பேசினார் அண்ணி. 'அண்ணி எங்கே?'ன்னு கேட்டேன். 'மேசை வேலை கிடக்குதில்ல, சாமான் வாங்கப் போயிருக்கா. இன்னிக்கே ரெண்டாவது தடவைடா'ன்னார். அவ்வளவு பெருமை அவருக்கு. அப்புறம்தான்..."

உள்ளே யாரோ நாற்காலிகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். "கனமா இருக்கே, கொடுங்க" என்று கொழுந்தன் பையை வாங்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. பையோடே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவர் சட்டையின் நெஞ்சுப் பக்கம் புது இரும்பின் எண்ணெய்க் கறை இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.