கேபி என்று கூப்பிட்டால்

பிரபாவதி எழுதிய கருவிக்கு அவள் வைத்த பெயர் தராசு. கணினியின் கறுப்புத் திரையில் அந்தப் பெயரைத் தட்டினால் போதும். மூட்டை எடையை வாங்கி, கழிவு போக மிச்சத்தைச் சீட்டாக அடித்துத் தந்துவிடும். நெல்லுக்கு ஒரு கழிவு, மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, வேறு கழிவு. அதனால் ஒரே கருவியை 'தராசு-நெல்', 'தராசு-மல்லாட்டை' என்று இரண்டு பெயரில் கூப்பிடும்படி செய்திருந்தாள். எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்களோ அதைப் பார்த்து அது கணக்குப் போடும். விழுப்புரத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீசில், அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள்.

அந்தப் பிள்ளையை இன்னொருத்தி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டால் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள் கண்ணுங்களா.

அந்த இன்னொருத்தி கலைப்பிரியா. திண்டிவனத்துத் தனியார் மண்டி ஒன்றில் கருவியைப் பார்த்துக்கொள்ள ஆபீஸ் அனுப்பிய புதுப் பெண். 'தராசு-மல்லாட்டை' என்று நீளமாகத் தட்ட மண்டிக்காரர்களுக்கு அலுப்பாக இருந்தது. இவள் அதற்கே 'கேபி' என்று ஒரு குறுக்குப் பெயர் வைத்துக் கொடுத்தாள். கேபி என்றால் கலைப்பிரியா. அவளாக வைத்ததா, மண்டிக்காரர்கள் ஆசைப்பட்டு வைத்ததா என்று பிரபாவதி விசாரிக்கவில்லை. முதலாளி நடராசன், "கேபி சூப்பரா ஓடுதாமே!" என்று சிரித்ததே போதும். அன்று மத்தியானம் டிபன் பாக்சைத் திறக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் புகார் வந்தது. ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயிகளின் மல்லாட்டை எடை குறைகிறதாம். பிரபாவதிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. தெரியாத பெயரில் கூப்பிட்டால் நெல் என்று எடுத்துக்கொள்ளும்படி அவள்தான் எழுதியிருந்தாள். கேபி என்று கூப்பிட்டபோதெல்லாம், காய்ந்த மல்லாட்டைக்கு நெல்லின் ஈரக் கழிவு போயிருக்கிறது.

"யார் மேல தப்பு பிரபா?" என்றார் நடராசன்.

"பேர மாத்துனவ மேலதான் சார்." வாய் கூசவே இல்லை அவளுக்கு.

கருவியையும் திருத்தினாள். எப்படி? தராசு என்று கூப்பிடாவிட்டால் ஓடவே ஓடாது. அந்தப் பெண் முழிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினாள்.

மண்டியில் நல்ல கூட்டம். கலைப்பிரியா கைப்பழக்கத்தில் 'கேபி' என்று தட்டினாள். 'இந்தப் பெயரில் ஓடாது' என்று வந்தது. திரும்பத் தட்டினாள். அதே பதில்.

"இன்னாம்மா, உங்க கம்ப்யூட்டரு கோச்சிக்கினு உக்காந்துகிச்சா?" என்றாள் மல்லாட்டை கொண்டுவந்திருந்த ஒலக்கூர் முனியம்மாள். "ஏற்கெனவே எடைய முழுங்கிட்டீங்க. இப்ப சீட்டும் கெடையாதா? பெரிய பேஜாரா போச்சே."

"நான் வச்ச பேராலதான் கொழப்பம் ஆயா. கருவி மேல தப்பில்ல, எங்க ஆபீஸ் அக்கா எழுதுனது அது. கொறஞ்சவங்களுக்கெல்லாம் திரும்பப் போட்டுத் தர்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

பிரபாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டிக்காரியாக இருந்தாலாவது பரவாயில்லை. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

முனியம்மாள் திரும்பி, "டேய் மண்ணாங்கட்டி! மூட்டைய வெயிலுக்கு ஒதுக்கிப் போடுடா," என்று குரல் கொடுத்தாள். மூட்டை தூக்குகிறவர் வந்து தூக்கினார். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில், இதாவது தங்கட்டும் என்று வைத்த பேர் மண்ணாங்கட்டி. "அறிவுச்செல்வன் அண்ணே, அத இப்பிடி வைங்க," என்றாள் கலைப்பிரியா. அந்தப் பெயருக்கும் அவரேதான் வந்தார். அதே தோள், அதே மூட்டை.

பிரபாவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தள்ளு," என்றாள் கலைப்பிரியாவிடம்.

"ஏங்க்கா, என்னால..."

"உன்னால இல்ல. நான்தான் நிறுத்தி வச்சேன். எடை கொறஞ்சதும் என் கருவியாலதான். தள்ளு, ஜல்தி."

கலைப்பிரியாவின் முகம் ஒரு கணம் சுண்டிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கூப்பிட்ட பெயரை வைத்து முடிவு செய்யாதே, அந்தப் பெயர் யாரைக் காட்டுகிறது என்று தேடிப் போய்ப் பார், நெல்லா மல்லாட்டையா என்று தெரியாவிட்டால் நீயாக ஊகிக்காமல் கேள்: இப்படி மாற்றி எழுதினாள். எழுதிக்கொண்டே சீட்டின் அடியில் 'தராசு' என்று ஒரு வரியும் சேர்த்தாள். அதை மட்டும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை. பாவம், அவளும் மனுசிதானே.

சீட்டு வந்தது. கழிவு சரியாக இருந்தது. கலைப்பிரியா அடிவரியைப் படித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா," என்றாள். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினாள் பிரபாவதி. இல்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

முனியம்மாள் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நின்றவர்களிடம் கத்தினாள்: "கேபி ஓடுது! வாங்க, வாங்க!"

பிரபாவதிக்குச் சுருக்கென்றது. தராசு என்று திருத்தலாம் என்று வாயைத் திறந்தாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றிருந்தது. அடுத்த மூட்டை தராசில் ஏறிவிட்டது.

உதட்டைக் கடித்துக்கொண்டு அவளே 'கேபி' என்று தட்டினாள்.